பள்ளியில் ஓடிய ரோபோ போட்டி மேசையில் ஓடவில்லை: பெரியவர்கள் எவ்வளவு தூரம் கை வைக்கலாம்?

அறிவியல் ஆசிரியை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் நடுநிலை வகுப்புகளுக்கு அறிவியல் கற்பிக்கிறேன். இந்த ஆண்டு முதன்முறையாக ஆறு மாணவர்களைச் சேர்த்து ஒரு ரோபோட்டிக்ஸ் அணியைத் தொடங்கினோம். அவர்களில் எவரும் இதற்கு முன் ஒரு மோட்டாரைக்கூட நிரல் எழுதி இயக்கியதில்லை. எனக்கும் இது புதிதுதான். வாரத்துக்கு மூன்று மாலைகள் என ஐந்து மாதங்கள் உழைத்து, எட்டுப் பணிகளை ஒரே ஓட்டத்தில் முடிக்கும் ஒரு ரோபோவை உருவாக்கினார்கள். கடைசி வாரத்தில் பள்ளி மேசையில் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் அது சரியாக ஓடியது.

போட்டி நாளில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். ரோபோ புறப்பட்ட இடத்திலிருந்து நேராகச் சென்று, கருப்புக் கோட்டைக் கண்டதும் நின்று, இடப்பக்கம் திரும்பி, அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே போய் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். முதல் சுற்றில் கோட்டின் மேல் ஏறியும் அது நிற்கவில்லை. கோட்டைக் கடந்து எதிர்ச் சுவரில் முட்டி, சக்கரங்கள் விரிப்பின் மேல் வழுக்கிச் சுழன்றுகொண்டே இருந்தன. இரண்டாம் சுற்றில் கோட்டைக் கண்டு நின்றது. ஆனால் திருப்பம் போதாமல், அதன் கை நெம்புகோலுக்கு இரண்டு விரற்கடை தள்ளிப் போய்விட்டது. மூன்றாம் சுற்றில் பிள்ளைகளின் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. ரோபோவைத் தவறான இடத்தில் வைத்தார்கள்.

எல்லாம் முடிந்த பின் அணியிலிருந்த ஒரு மாணவி, அனுமதி கேட்டு, அதே மேசையில் ஒளி சென்சாரை வைத்துப் பார்த்தாள். கருப்புக்கு 14, வெள்ளைக்கு 84 காட்டியது. பள்ளியில் கருப்புக்கு 7, வெள்ளைக்கு 58 வரும். எங்கள் நிரலில் 10க்குக் கீழே போனால் கருப்பு என்று எழுதியிருந்தது. ஆகவே முதல் சுற்றின் காரணம் ஓரளவு புரிகிறது. மற்றவற்றுக்குக் காரணம் புரியவில்லை.

இப்போது பெற்றோர் சிலர், அடுத்த பருவத்துக்கு வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளரை அழைத்து, ஏற்கெனவே வென்ற ரோபோவின் அமைப்பையும் நிரலையும் வாங்கிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். பிள்ளைகள் அழுததைக் கண்ட பெற்றோரின் மனநிலை எனக்குப் புரிகிறது. ஆனாலும் அது சரியா என்று மனம் ஒப்பவில்லை. பள்ளியில் ஓடியது அங்கே ஏன் ஓடவில்லை, பெரியவர்கள் இதில் எவ்வளவு தூரம் கை வைக்கலாம் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

அணிப் பயிற்றுநர் (பதில்)

வணக்கம் அம்மா. முதல் பருவத்திலேயே போட்டி முடிந்த கையோடு சென்சாரை மேசையில் வைத்து அளந்து பார்த்த ஒரு மாணவி உங்கள் அணியில் இருக்கிறாள் என்பதை முதலில் கவனியுங்கள். பல பருவங்கள் கண்ட அணிகளில்கூட அந்த நேரத்தில் அது எவருக்கும் தோன்றுவதில்லை.

ஒளி சென்சார் கருப்பையோ வெள்ளையையோ பார்ப்பதில்லை. தரையிலிருந்து எவ்வளவு ஒளி தன்னிடம் வந்து சேருகிறது என்பதை மட்டுமே அளக்கிறது. அரங்கின் விளக்கும், விரிப்பின் பளபளப்பும், சென்சார் தரையிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பதும் அந்த எண்ணை மாற்றிவிடும். எனவே நிரலுக்குள் நிலையான ஓர் எண்ணை எழுதி வைப்பது எப்போதும் ஆபத்தானது. ரோபோவை ஓட்டுவதற்கு முன், போட்டி மேசையிலேயே அதைக் கருப்பின் மேலும் வெள்ளையின் மேலும் ஒருமுறை வைத்து, இரண்டு அளவுகளையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும்படி ஒரு சிறு நிரல் எழுதச் சொல்லுங்கள். அதன்பின் வருகிற ஒவ்வோர் அளவிலிருந்தும் கருப்பின் அளவைக் கழித்து, வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வேறுபாட்டால் வகுத்து, 100 ஆல் பெருக்கினால், எந்த அரங்கிலும் கருப்பு 0 ஆகவும் வெள்ளை 100 ஆகவும் வந்துவிடும். கோட்டின் விளிம்பு 50. பதினொரு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற கணக்கு இது.

இரண்டாம் சுற்றில் அதே எண்ணோடு ரோபோ கோட்டில் நின்றதற்குக் காரணம், மேசையருகே நின்ற எவருடைய நிழலோ அந்த இடத்தில் விழுந்ததாக இருக்கலாம். அது நல்வாய்ப்பு மட்டுமே. நிரல் சரியாக இருந்தது என்று அதைக் கொண்டு எண்ணிவிடாதீர்கள்.

திருப்பம் குறைந்தது வேறு கதை. ஒரு பாகை பிசகினால் ஒரு மீட்டர் தூரத்தில் ரோபோ ஏறத்தாழ 1.75 சென்டிமீட்டர் விலகிவிடும். இரண்டு பாகைப் பிசகோடு ஒரு மீட்டர் போனால் மூன்றரை சென்டிமீட்டர். நீங்கள் சொன்ன இரண்டு விரற்கடை அதுதான். அந்த இரண்டு பாகை எங்கிருந்தும் வரலாம். பற்சக்கரங்களுக்கு இடையே இருக்கும் தளர்வு, விரிப்பின் ஒரு சுருக்கம், சக்கர ரப்பரில் ஒட்டிய தூசி, திரும்பும் கோணத்தை அளக்கும் கைரோ சென்சார் தன்னைச் சுழியத்தில் நிறுத்திக்கொள்ளும் கணத்தில் பிள்ளையின் கை பட்டு ரோபோ அசைந்தது என எதுவாகவும் இருக்கலாம். இவை அனைத்தையும் ஒழித்துவிட முடியாது. ஆகவே பிசகு சேர்ந்துகொண்டே போகாமல் இடையிடையே அதை அழித்துவிட வேண்டும். திரும்பியதும் ரோபோவின் தட்டையான பின்புறத்தைச் சுவரில் மெதுவாக ஒரு நொடி அழுத்தினால் அது நேராகிவிடும். இரண்டு ஒளி சென்சார்கள் இருந்தால், இரண்டும் ஒரே கோட்டைத் தொடும்வரை ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக நகர்த்தியும் நேராக்கலாம். மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டாதீர்கள். பேட்டரி சற்று இறங்கினாலும் வேகத்தைச் சரிசெய்துகொள்ள மோட்டாருக்குக் கொஞ்சம் இடம் மிச்சம் இருக்க வேண்டும். பாதியளவு வேகத்தில் அது இருக்கும், முழு வேகத்தில் இருக்காது. எத்தனை நொடி ஓட வேண்டும் என்று எழுதாமல், சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்று எழுதுவதும் இதே காரணத்துக்காகத்தான். 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 17.6 சென்டிமீட்டர் போகும். இதைப் பிள்ளைகள் தாங்களே அளந்து, π (பை) மதிப்பை வைத்துப் போட்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

என் மனத்தில் நெருடுவது வேறொன்று. எட்டுப் பணிகளும் ஒரே ஓட்டத்தில் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பணியும் பத்துக்கு ஒன்பது முறை சரியாக நடப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 0.9 ஐ எட்டு முறை பெருக்கிப் பாருங்கள். எட்டும் ஒருசேர முடிவதற்கான வாய்ப்பு 43 விழுக்காடுதான். ஐந்து பணிகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது முறை நடக்கும்படி தேற்றினால் அந்த வாய்ப்பு 90 விழுக்காடாகிவிடும். எந்த மூன்று பணிகளை விடுவது என்பதைப் பிள்ளைகளே விவாதித்து முடிவு செய்யட்டும். என் அணியில் அந்த விவாதம் இரண்டு மாலைகள் நடந்தது; ஒரு மாணவனுக்குத் தான் உருவாக்கிய கிரேனை விட மனமே வரவில்லை. கடைசியில் அவனே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுக் கழற்றி வைத்தான்.

ஒரே ஒரு கேள்வி. கருப்பு 7, வெள்ளை 58 என்று அளந்து வைத்திருந்த பிள்ளைகள் எல்லையை நடுவில், அதாவது முப்பதையொட்டி வைத்திருப்பார்களே தவிர, 10 என்று வைத்திருக்க மாட்டார்கள். அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்தது யார்?

ஒரு மாணவரின் தந்தை (பதில்)

பெற்றோர் தரப்பிலிருந்தும் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறேன். வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைப்பதை ஒரேயடியாகத் தவறென்று ஒதுக்கிவிட வேண்டாம். வீட்டில் வழிகாட்ட ஆள் இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். பிற அணிகளில் பொறியாளர்களான பெற்றோர் உடன் நிற்கும்போது, இவர்கள் மட்டும் எல்லாவற்றையும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று சொல்வது நியாயமாகப் படவில்லை. ஓடுகிற ஒரு ரோபோவைப் பிரித்துப் பார்த்துக் கற்பதும் கற்றல்தானே?

மதிப்பீட்டு நடுவர் (பதில்)

தந்தையார் எழுப்பிய நியாயத்தை நான் மதிக்கிறேன், பயிற்சியாளர் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஓடுகிற ரோபோவைப் பிரித்துப் பார்ப்பது மிக நல்ல பயிற்சி. ஆனால் அது வகுப்பறையில் நடக்க வேண்டியது. பிரித்துப் பார்த்ததையே தம்முடையதாகப் போட்டிக்குக் கொண்டுவருவது வேறு. கற்றுக்கொடுக்கிற பயிற்சியாளரை அழையுங்கள், செய்துகொடுக்கிறவரை அழைக்காதீர்கள்.

விதிகளும் அதையே சொல்கின்றன. வேர்ல்டு ரோபோ ஒலிம்பியாடில் அணிக்கு இரண்டு அல்லது மூன்று மாணவர்களும் ஒரு பயிற்றுநரும் இருப்பார்கள்; ரோபோவைக் கட்டுவதும் நிரல் எழுதுவதும் மாணவர்களின் வேலை மட்டுமே. அதிலுள்ள எதிர்பாராத விதியை எண்ணிப் பாருங்கள். போட்டி நாளன்றுதான் ஒரு மாற்றத்தை அறிவிப்பார்கள். அதற்கேற்பப் பிள்ளைகள் அங்கேயே நிரலைத் திருத்த வேண்டும். வாங்கிவந்த நிரல் அந்த நொடியில் உதவாது. ரோபோகப் ஜூனியர் போட்டியின் மீட்புப் பிரிவிலும் அப்படித்தான். கோடுகள் வரைந்த ஓடுகளை எப்படி அடுக்குவார்கள் என்பது முன்கூட்டித் தெரியாது. கோடு விட்டுப்போன இடமும் தடைப் பொருளும் எங்கே வரும் என்றும் தெரியாது. ரோபோ தானே பார்த்து முடிவு செய்ய வேண்டும். மேசையின் வரைபடத்தை மாதக்கணக்கில் மனப்பாடம் செய்யும் போட்டிகளைவிட, இவ்வகைப் போட்டிகளே சென்சாரை நம்பிச் சிந்திக்கப் பழக்குகின்றன என்பது என் கருத்து. பலர் இதை ஏற்க மாட்டார்கள்.

ஃபர்ஸ்ட் லெகோ லீக்கில் நான் மதிப்பிட்ட பருவங்களில், மேசையில் கிடைக்கும் புள்ளி மொத்தத்தில் நான்கில் ஒரு பங்குதான். ரோபோ வடிவமைப்பு, புத்தாக்கத் திட்டம், அணியினர் ஒருவரோடொருவர் நடந்துகொள்ளும் விதம் ஆகிய மற்ற மூன்றையும் நேர்காணலில் பார்த்தே மதிப்பிட்டோம். ஒருமுறை மிகச் சிறப்பாக ஓடிய ரோபோவோடு ஓர் அணி உள்ளே வந்தது. அதன் முன்புறத்தில் ஒரு சிறு உருளைச் சக்கரம் இருந்தது. அது எதற்கு என்று கேட்டேன். ஐந்து பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ஒரு சிறுவன், "சார் வைக்கச் சொன்னார்" என்றான். அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது. அவன் பொய் சொல்லவில்லை, தவறும் செய்யவில்லை. தன் ரோபோவைத் தனக்கே தெரியாது என்ற நிலையில் பெரியவர்கள் அவனைக் கொண்டுவந்து எங்கள் முன் நிறுத்தியிருந்தார்கள். அதே நாளில், மேசையில் மிகக் குறைந்த புள்ளி எடுத்த வேறோர் அணி, தாங்கள் கைவிட்ட மூன்று கைகளை ஓர் அட்டைப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து, ஒவ்வொன்றும் ஏன் முறிந்தது, ஏன் மாற்றினோம் என்று நேரம் போனதே தெரியாமல் விளக்கியது. வடிவமைப்பில் அவர்களுக்கே நாங்கள் அதிக மதிப்பளித்தோம்.

பெரியவர்கள் எவ்வளவு தூரம் போகலாம் என்று கேட்டீர்கள். கேள்வி கேட்கலாம், கருவியைப் பாதுகாப்பாகக் கையாளக் கற்றுக்கொடுக்கலாம், விகிதம், கோணம், நிரலில் ஒரு மதிப்பைச் சேமித்து வைக்கும் மாறி போன்ற கருத்துகளை வேறோர் எடுத்துக்காட்டில் விளக்கலாம். விசைப்பலகையிலும் ரோபோவின் உடலிலும் கை வைக்கக் கூடாது. அது ஓர் எண்ணை மாற்றுவதாக இருந்தாலும் சரி.

அறிவியல் ஆசிரியை (மறுமொழி)

பயிற்றுநர் ஐயா கேட்ட கேள்வியை நேற்று இரவு முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த 10 என்ற எண்ணை எழுதியது நான்தான்.

பிள்ளைகள் 32 என்றுதான் வைத்திருந்தார்கள். போட்டிக்கு முந்தைய மாலை அவர்கள் வீட்டுக்குப் போன பின், கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்போம் என்று ஓட்டினேன். விரிப்பில் அச்சிட்டிருந்த கருநீலப் படத்தின் மேல் ரோபோ ஒருமுறை நின்றுவிட்டது. பதற்றத்தில் எண்ணைக் குறைத்துக்கொண்டே போய், 10 வைத்ததும் நிற்காமல் போகவே, அப்படியே சேமித்துவிட்டேன். காலையில் அவர்களிடம் சொல்ல எண்ணியிருந்தேன். பரபரப்பில் சொல்லாமல் விட்டுவிட்டேன். அரங்கில் கருப்பு 14. அவர்கள் வைத்த 32 இருந்திருந்தால் முதல் சுற்றில் ரோபோ கோட்டில் நின்றிருக்கும்.

அவர்கள் இதுவரை தங்கள் நிரல்தான் பிழை என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

முன்னாள் அணி மாணவர் (பதில்)

அம்மா, தயவுசெய்து நாளையே அவர்களிடம் சொல்லிவிடுங்கள். நான் பள்ளி நாட்களில் ஐந்து பருவங்கள் போட்டியிட்டவன். அன்று ஒரு பயிற்றுநர், "தவறு என்னுடையது" என்று எங்களிடம் ஒருமுறை சொல்லியிருந்தால், பல மாதங்கள் நான் என்னையே நொந்துகொண்டிருக்க மாட்டேன்.

இப்போட்டிகள் தொடங்கிய விதத்தைப் பார்த்தால் தோல்வியை எப்படிக் கையாள்வது என்பதற்கும் அதில் இடம் இருப்பது தெரியும். அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் டீன் கேமன் 1989 இல், ஃபர்ஸ்ட் லெகோ லீக்குக்குப் பின்னால் இருக்கும் ஃபர்ஸ்ட் அமைப்பைத் தொடங்கினார். 1992 இல் ஓர் உயர்நிலைப் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் 28 அணிகளோடு முதல் போட்டி நடந்தது. அவரோடு சேர்ந்து அதற்கு வடிவம் கொடுத்த எம்ஐடி பேராசிரியர் உட்டி ஃபிளவர்ஸ், எதிரணியை மதித்துக்கொண்டே முழு மூச்சோடு போட்டியிடும் பண்பை வலியுறுத்தினார். அதனால்தான், அடுத்த ஆட்டத்தில் தங்களை எதிர்க்கப்போகும் அணிக்கே உதிரிப் பாகம் கொடுத்து உதவும் வழக்கம் இன்றும் இருக்கிறது. என் மூன்றாம் பருவத்தில் எங்கள் மோட்டார் கம்பி அறுந்தபோது, பக்கத்து மேசை அணியின் பெண்ணொருத்தி தன் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அவர்களிடம்தான் நாங்கள் அன்று தோற்றோம்.

நடைமுறையில் ஒன்று சொல்கிறேன். அணிக்கு ஒரு பொறியியல் குறிப்பேடு வைத்திருப்பீர்கள். இல்லையென்றால் உடனே தொடங்குங்கள். நிரலில் எந்த எண்ணை மாற்றினாலும், தேதி, பழைய எண், புதிய எண், காரணம், மாற்றியவர் பெயர் ஆகிய ஐந்தையும் அதில் எழுதாமல் ரோபோ மேசை ஏறக் கூடாது. போட்டிக்கு முந்தைய நாள் நண்பகலுக்குப் பின் எவரும் எதையும் மாற்றக் கூடாது என்பதை எங்கள் அணியில் விதியாகவே வைத்திருந்தோம். மூன்றாம் சுற்றில் கை நடுங்கியது என்றீர்களே, அதற்கும் வழி உண்டு. ரோபோவைக் கண்ணால் பார்த்து வைக்காமல், புறப்படும் இடத்தின் இரண்டு சுவர்களுக்கும் இடையில் பொருந்தும்படி அதே பாகங்களால் ஒரு அளவுச் சட்டம் கட்டிக்கொள்ளலாம். உங்கள் போட்டியின் விதி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த அளவுச் சட்டத்தை ஒட்டி ரோபோவை வைத்துவிட்டால் கை நடுங்கினாலும் இடம் தவறாது.

கருநீலப் படத்தில் நின்ற சிக்கல் உண்மையானது. அதைப் பிள்ளைகளிடமே கொடுங்கள். முதல் நாற்பது சென்டிமீட்டர் தூரத்துக்குச் சென்சாரைப் பார்க்காதே, அதன்பின் தேடத் தொடங்கு என்று எழுதினாலே தீர்ந்துவிடும். நான் சொன்னதாகச் சொல்லாமல், அவர்களே கண்டுபிடிக்கிறார்களா என்று ஒரு வாரம் பாருங்கள்.

அறிவியல் ஆசிரியை (மறுமொழி)

இன்று மாலை ஆறு பேரையும் உட்கார வைத்துச் சொல்லிவிட்டேன். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பிறகு, அன்று மேசையில் சென்சாரை வைத்து அளந்த அதே மாணவி, தன் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஒரு பக்கத்தைத் திறந்து என்முன் வைத்தாள். 32 என்று எழுதி, பக்கத்தில் கருப்பு 7, வெள்ளை 58 என்று கணக்குப் போட்டிருந்தாள். அதற்குக் கீழே, போட்டி நாளின் தேதியிட்டு, "10. யார் மாற்றியது?" என்று பென்சிலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தாள். அன்றே திரையில் பார்த்திருக்கிறாள், கேட்கத் தயங்கியிருக்கிறாள்.

அந்த வரிக்கு நேரே என் பெயரையும் காரணத்தையும் எழுதினேன். பழைய எண், புதிய எண், காரணம், பெயர் என்று கட்டம் போட்டு, அடுத்த பக்கத்திலிருந்து அதை விதியாக்கிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் வெளிப் பயிற்சியாளர் பற்றிப் பேசும்போது அந்தப் பக்கத்தையே காட்டப்போகிறேன். விகிதமும் கோணமும் கற்றுக்கொடுக்க ஒருவர் வருவதானால் வரட்டும் என்றும், ரோபோ அமைப்போ நிரலோ வாங்குவதில்லை என்றும் சொல்லப்போகிறேன்.

கருப்பையும் வெள்ளையையும் மேசையிலேயே அளந்துகொள்ளும் நிரலை இரண்டு மாணவர்கள் எழுதத் தொடங்கிவிட்டார்கள். வெவ்வேறு வெளிச்சத்தில் அதைச் சோதிக்க வேண்டுமாம். சன்னல் கதவுகளைத் திறந்து மூடுவதும் விளக்கைப் போட்டு அணைப்பதும் என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள்.